நாளைக்கு வரும்மா: காவேரிப்பட்டணம் பக்கம் மளிகை வாங்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் சேலத்துல பொறந்து வளந்தவ, கல்யாணம் ஆகி இங்க வந்து 9 வருஷம் ஆகுது. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவுல தென்பெண்ணை ஆத்தோரத்துல இருக்கற ஊரு. எங்க மாடி வீட்டுக்கு வாடகைக்கு வர்றவங்க, பேங்க்ல மாத்தலாகி வர்றவங்க, புதுசா வர்ற டீச்சருங்க எல்லாரும் முதல் மாசம் எங்கிட்ட கேக்கறது ஒரே மாதிரி கேள்விங்கதான். தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். சில கேள்வி நானே அத்தைகிட்ட கேட்டது (மாமியார்தான், அத்தைன்னுதான் கூப்பிடுவேன்). கடை பேரு எதுவும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அந்தத் தெருவுலதான் நடக்கணும்.

"நாளைக்கு வரும்மா"ன்னு கடைக்காரர் சொன்னா எப்போ வரும்?

நாளைக்கு வராது. இத முதல்ல மனசுல போட்டுக்கோங்க.

வந்த புதுசுல நான் இத நம்பி தினமும் போய் நின்னேன், ஒரே பிராண்டு நாப்தலின் உருண்டைக்கு நாலு நாள் நடந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. சின்ன ஊரு கடைக்கு கம்பெனி சரக்கு நேரா வர்றதில்ல, கிருஷ்ணகிரியிலயோ தர்மபுரியிலயோ இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இருந்து வருது. அவங்க சேல்ஸ்மேன் வாரத்துக்கு ஒரு நாள் இந்தப் பக்கம் வருவாரு, அதுக்குப் பேரு லைன். இன்னைக்கு லைன் வந்து ஆர்டர் எடுத்துட்டுப் போனா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ வண்டி வந்து சரக்கு இறக்கும். நீங்க கேட்டது லைன் வந்துட்டுப் போன மறுநாளா இருந்தா அடுத்த வாரம் வரைக்கும் அந்தச் சாமான் வராது, அதுவும் கடைக்காரர் ஞாபகம் வெச்சு ஆர்டர் போட்டாத்தான். அதனால "எப்ப வரும்"னு கேக்காதீங்க, "ணா, அந்த கம்பெனி லைன் என்னைக்கு?"ன்னு கேளுங்க. ஒரு நிமிஷம் உங்கள ஏற இறங்க பாப்பாரு, அப்புறம் "வியாழக்கிழமை"ன்னு உண்மையச் சொல்லிடுவாரு. புதன்கிழமை போய் "நாளைக்கு லைன்ல ரெண்டு சொல்லிடுங்க"ன்னு ஞாபகப்படுத்துங்க. வரும்.

சீஸ், ஈஸ்ட், காளான், ஓட்ஸ் இதெல்லாம்?

ஓட்ஸ் கெடைக்கும். தேதி பாத்து வாங்குங்க, சர்க்கரை வியாதிக்காரங்க நாலு பேரு வாங்கறத நம்பித்தான் கடையில வெச்சிருப்பாங்க. மத்ததுக்கு கிருஷ்ணகிரி பஸ் ஏறணும். கடைக்காரர் மேலயும் தப்பில்ல, விக்காம தேதி முடிஞ்சா எல்லா கம்பெனியும் திருப்பி எடுத்துக்காது, கரண்ட் போற ஊர்ல ஃப்ரிட்ஜ் சாமான் வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு.

பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர் போன ஊரு, பக்கத்துலதான் இருக்கு, அப்புறம் ஏன் இங்க தக்காளி இந்த விலை?

இது எல்லாருக்கும் வர்ற எரிச்சல்தான். பஸ்ல போனா ஜன்னலுக்கு வெளிய ரெண்டு பக்கமும் தக்காளித் தோட்டம், எறங்கி கடைக்குப் போனா சேலத்துல எங்கம்மா வாங்கற விலை, சில நாள் அதவிட ரெண்டு ரூபா சேத்தி. மண்டியில தக்காளி கிலோ கணக்குல போறதில்ல, கிரேட் கிரேட்டா (பிளாஸ்டிக் பெட்டிதான்) ஏலம் போகுது, வெளியூர் வியாபாரிங்க லாரியோட வந்து நல்ல காய மொத்தமா தூக்கிடறாங்க. நம்மூரு காய்கறிக் கடைக்காரருக்கு வேணும்னா அவரும் அதே ஏலத்துல நிக்கணும், இல்ல டவுன் மண்டிக்கு வந்ததை வாங்கி வண்டி வாடகை குடுத்து எடுத்துட்டு வரணும். அவரு வாங்கறது ரெண்டோ மூணோ கிரேட், அதுல அடியில நசுங்கினது போக மீதிய வெச்சுத்தான் விலை. தோட்டம் பக்கத்துல இருக்கறதால விலையில ஒண்ணும் கொறைய மாட்டேங்குது.

2023 ஜூலைல கிலோ 100 ரூபாயைத் தாண்டுச்சே, அப்ப எங்க வீட்ல ரசம் புளியிலயே ஓடுச்சு. அதே தக்காளி இன்னொரு சீசன்ல பறிக்கற கூலிக்குக் கூட கட்டாம ரோட்டோரம் கொட்டிக் கெடக்கும். கொட்டிக் கெடக்கற வாரத்துலயும் கடையில கிலோ 15க்குக் கீழ எறங்கி நான் பாத்ததில்ல. ஏறும்போது காலையிலயே ஏறுது, எறங்கும்போது மட்டும் "பழைய சரக்குமா, நேத்து வாங்கினது"ன்னு ஒரு நாள் தள்ளித்தான் எறங்குது.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ? எங்க ஊர்ல எல்லாம் 25தானே?

இப்ப நெறைய ஊர்ல அதேதான், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. 2022 ஜூலை 18ல இருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்துச்சு. அது 25 கிலோ வரைக்கும் இருக்கற பாக்கெட்டுக்குத்தான். அதுக்கு மேல போனா வரி இல்ல. உடனே மில்லுக்காரங்க ஒரு கிலோ சேத்து 26 ஆக்கிட்டாங்க. 1,500 ரூபா மூட்டையில 75 ரூபா மிச்சம், லாபம்தான், ஆனா மாடி வீட்டுக்குத் தூக்கறவங்களுக்கு ஒரு கிலோ கூட. மூட்டையிலிருந்து பிரிச்சு சில்லறையா அளந்து குடுத்தாலும் வரி கிடையாது, அதனால "ஜிஎஸ்டி இருக்குமா"ன்னு சொல்லி லூஸ் அரிசிக்கு யாராவது ஏத்தி வாங்கினா "லூஸுக்கு ஏதுணா ஜிஎஸ்டி"ன்னு கேளுங்க.

பால், கூல் டிரிங்க்ஸுக்கு எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபா, ரெண்டு ரூபா கேக்கறாங்களே, குடுக்கணுமா?

வேண்டாம். எம்ஆர்பின்னு பாக்கெட்ல போட்டிருக்கறது எல்லா வரியும் சேத்து, அதுக்கு மேல ஒரு பைசா வாங்கக் கூடாது. சட்டமுறை எடையளவு சட்டம்னு 2009ல வந்தது இருக்கு, அதோட 2011 பாக்கெட் பொருள் விதியில இது நேரடியாவே இருக்கு. கூலிங் சார்ஜ்னு தனியா ஒண்ணு கிடையாது, கரண்ட் பில்லு அவரு பாடு.

ஆனா நானும் குடுத்திருக்கேன். காலையில ஆறு மணிக்கு கதவு தொறந்திருக்கறது அந்த ஒரு கடைதான், குழந்தைக்குப் பால் வேணும், பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க, ஒரு ரூபாய்க்கு சண்ட போட்டா "சேலத்துக்காரி கருமி"ன்னு பேரு வந்துடும்னு கூச்சம். மாசம் 30 பாக்கெட்டுக்கு 30 ரூபா, வருஷத்துக்கு 360. அந்தக் கூச்சத்துக்கு நான் குடுத்த விலை அது. இப்ப சரியான சில்லறைய கையில வெச்சுக்கிட்டு பாக்கெட்ட எடுத்து, காச வெச்சுட்டு, "வரேன்ணா"ன்னு நடந்துடறேன். இதுவரைக்கும் யாரும் பின்னாடி கூப்பிட்டதில்ல.

10 ரூபா காயின் செல்லாதுங்கறாங்க. நிஜமாவா?

செல்லும். ரிசர்வ் பேங்க் 2018லயே, அதுவரைக்கும் வந்த 14 டிசைனும் செல்லும்னு தெளிவா அறிவிச்சாச்சு. ரூபா சின்னம் இருக்கறது, இல்லாதது, கோடு 10 இருக்கறது, 15 இருக்கறது எல்லாம் நல்ல காசுதான். ஆனா கடைக்காரர் நியாயம் வேற, "நான் வாங்கிக்குவேன்மா, எங்கிட்ட யாரு வாங்குவா?" ஊரே ஊரப் பாத்து பயந்துக்கிட்டு இருக்கு. நான் அதெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சு பஸ்ஸுக்கு யூஸ் பண்றேன், கண்டக்டர் ஒண்ணும் சொல்றதில்ல.

சில்லறைக்கு பதிலா மிட்டாய் குடுத்தா வேண்டாம்னு சொல்லலாம், "கணக்குல எழுதிக்கோங்கணா, அடுத்த தடவ கழிச்சுக்கலாம்"னு சொல்லிப் பாருங்க, உடனே கல்லாவுல சில்லறை இருக்கும். ஜிபே இருக்கேன்னா, இருக்கு, பாக்ஸ் கத்தற வரைக்கும் வெயில்ல நிக்கணும், மழை நாள்ல நெட்டு படுத்துடும், 20 ரூபாய்க்கு கீழன்னா மொறைப்பாங்க.

எடை சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

இதுல கொஞ்சம் நிதானமா சொல்றேன், காசு அதிகமா போற இடம் இதுதான்.

தராசுல சாமான் வெக்கறதுக்கு முன்னாடி ஜீரோ காட்டுதான்னு பாருங்க. காலித் தட்டே 10, 15 கிராம் காட்டிக்கிட்டு நிக்கும் சில இடத்துல, வேணும்னு இல்ல, தட்டுல ஒட்டியிருக்கற வெல்லப் பிசுக்கு, எண்ணெய். ஆனா அதுவும் உங்க கணக்குலதான் ஏறுது. பேப்பர் பொட்டலம், அட்டை டப்பா இதெல்லாம் வெச்சு ஜீரோ பண்ணிட்டு அப்புறம் சாமானப் போடணும். எடை போடறவரு அந்த பட்டன அழுத்தறாரான்னு பாருங்க, ஒரு பட்டன்தான்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ அரசாங்க முத்திரை வாங்கணும், நம்ம ஸ்டேட்ல இத தொழிலாளர் துறை பாத்துக்குது. முத்திரை போட்ட சர்டிஃபிகேட்ட கண்ணுல படற மாதிரி கடையில மாட்டி வெக்கணும். பல கடைல அது சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கும்.

அப்புறம் முக்கியமானது ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய் மாதிரி விலை கூடின சின்ன சாமான். மளிகைக் கடைல இருக்கற பெரிய தராசு, 30 கிலோ வரைக்கும் நிறுக்கறது, பல இடத்துல 5 கிராம் 5 கிராமாத்தான் ஏறும். 10 கிராம் ஏலக்காய் அதுல போட்டா எட்டு கிராம் இருந்தாலும் 10னு காட்டிடும். ஏலக்காய் விக்கற விலைக்கு ரெண்டு கிராம்னா சும்மாவா. ஒரு தடவ பாயசத்துக்கு வாங்கின 10 கிராம நாட்டு மருந்துக் கடை சின்னத் தராசுல போட்டுப் பாத்தேன், எட்டுதான் இருந்துச்சு. மளிகைக் கடைக்காரர் ஏமாத்தல, அவருக்கே தெரியல. அப்பத்துல இருந்து இந்த மாதிரி சாமானெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலதான் வாங்கறேன்.

பெரிய பாக்கெட் வாங்கினா லாபம்தானே?

எப்பவும் இல்ல. இப்பல்லாம் பாக்கெட்ல எம்ஆர்பி பக்கத்துல ஒரு கிராம் என்ன விலை, இல்ல கிலோ என்ன விலைன்னு பொடி எழுத்துல போட்டிருக்கணும். இந்த விதியக் கொண்டு வந்தப்பவே இன்ன அளவுலதான் பாக்கெட் போடணுங்கற பழைய கட்டாயத்தையும் எடுத்துட்டாங்க, அதனாலதான் 850 மில்லி எண்ணெய், 870 மில்லி எண்ணெய்னு கண்ட அளவுல வருது, தூரத்துல பாத்தா எல்லாம் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும். (ஒரு லிட்டர் சன்ஃபிளவர் ஆயில் கிட்டத்தட்ட 910 கிராம்தான் இருக்கும், அதனால கிராம்ல போட்டத லிட்டர்னு நெனச்சுடாதீங்க.) போன மாசம் மிளகாத்தூள் 100 கிராம் 62 ரூபா, அதே கம்பெனி அரைக் கிலோ 325. கிராமுக்கு மூணு பைசா சேத்தி குடுத்து பெருசா வாங்கினா அதுல எங்க லாபம். நான் கண்ணாடி போட்டுக்கிட்டு படிக்கும்போது கடைப் பையன் "என்னக்கா பரிட்சையா"ன்னான். ஆமான்னேன்.

2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கொறச்சாங்களே, இங்க மட்டும் ஏன் கொறையல?

அந்த மாசம் 22ஆம் தேதியில இருந்து குளிக்கற சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட்டுக்கு 18ல இருந்து 5 சதவீதமாச்சு, நெய், வெண்ணெய்க்கு 12ல இருந்து 5. இங்க ரொம்ப நாளைக்கு ஒரே பதில்தான், "பழைய ஸ்டாக்குமா." எம்ஆர்பிங்கறது அதிகபட்ச விலை, பழைய பாக்கெட்டையும் கொறச்சு விக்க எந்தத் தடையும் இல்ல, கம்பெனிங்க புது விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கவும் விட்டாங்க. விலை ஏறினப்ப மட்டும் பழைய ஸ்டாக் ஒரே ராத்திரியில தீந்துடுதே எப்படின்னு கேட்டேன், சிரிச்சாரு, 2 ரூபா கொறச்சாரு.

மாசக் கணக்கு நோட்டு வெச்சுக்கலாமா?

வெச்சுக்கலாம், ஆனா உங்ககிட்டயும் ஒரு நோட்டு இருக்கணும்.

எங்க வீட்ல மாமா காலத்துல இருந்து ஒரு கடையில கணக்கு. நீட்டு நோட்டு, அட்டையில ஊதுபத்திக் கம்பெனி சாமி படம், ஓரமெல்லாம் எண்ணெய் பட்டு கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். கடைக்காரர் முழுசா எழுத மாட்டாரு, முதல் எழுத்துதான். ப, உ, பூ, சீ. ஒரு மாசம் கூட்டினப்ப வழக்கத்தவிட 300 ரூபா பக்கம் எகிறிடுச்சு. நானும் வீட்டுக்காரரும் டார்ச் அடிச்சு ஒவ்வொரு வரியா பாத்தோம். ஒரு இடத்துல "வெ 1/2"ன்னு இருக்கு, எதிர்ல 310 ரூபா. வென்னா வெங்காயம், வெல்லம், வெந்தயம், வெண்ணெய், எது வேணா இருக்கலாம். நாங்க வாங்கினது அரைக் கிலோ வெங்காயம். கூட்டினது அவரு பையன், காலேஜ் லீவுல வந்து உக்காந்தவன், அவனுக்கு அரைக் கிலோ வெண்ணெயாத் தெரிஞ்சிருக்கு. எங்க வீட்ல வெண்ணெய்ங்கறது கிருஷ்ண ஜெயந்திக்குத்தான், அதுவும் 100 கிராம்.

போய் கேக்கறதுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு. கேட்டதும் அவரே தலையில அடிச்சுக்கிட்டு கழிச்சு விட்டாரு, "அன்னைக்கே வந்து சொல்றதுக்கென்னம்மா"ன்னு என்னத்தான் திட்டினாரு. இப்ப செல்லுல நோட்டு பக்கத்த தெனமும் போட்டோ எடுத்துக்கறேன். முதல்ல மொறைச்சாரு, இப்ப அவரே திருப்பிப் புடிச்சுக் காட்டறாரு.

ரேஷன் கடைல எப்ப போனா எல்லாம் கெடைக்கும்?

ஒரே தடவையில எல்லாம் வாங்கிடலாம்னு நெனச்சாத்தான் கஷ்டம். அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. வெளியில வாங்கற விலையோட பாத்தா இதுக்கு நாலு நடை நடக்கலாம், நாலு நடை நடக்கவும் விடுவாங்க. அரிசி ஒரு நாள், பருப்பு ஒரு நாள், பாமாயில் "இன்னும் லோடு வரலைங்க". பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க இருக்காங்க, லாரி வந்தா அவங்களுக்கு முதல்ல தெரியும், அவங்களோட சிநேகமா இருங்க, எந்த ஆப்பும் அவங்களுக்கு ஈடில்ல.

வாங்கினதும் செல்லுக்கு மெசேஜ் வரும், அத படிங்க. எனக்கு ஒரு மாசம் வாங்காத பாமாயில வாங்கினதா வந்துச்சு. அன்னைக்கே போய் செல்லக் காட்டினேன், மெஷின் தப்புன்னாங்க, மறுநாள் குடுத்துட்டாங்க. குடுக்கலைன்னா 1967க்கு போன் பண்ணலாம், காசு கெடையாது. வயசானவங்களுக்கு கைரேகை விழாது, களை எடுத்து எடுத்து ரேகையே தேஞ்சு போயிருக்கும். அத்தை விரல தலையில தேய்ச்சு எண்ணெய் தொட்டு வெச்சா விழுதுங்கறாங்க, சில நாள் விழவும் செய்யுது.

2023ல நீலகிரிக்கும் தர்மபுரிக்கும் அரிசியில ரெண்டு கிலோவுக்கு பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சப்ப தர்மபுரி நாத்தனார் போன் பண்ணி சொன்னா, ராகி வெளையற ஊருக்கே ராகி குடுக்கறாங்கன்னு சிரிச்சோம். ஆனா இப்ப நெறைய பேரு நெல்லுக்கும் பூவுக்கும் மாறிட்டாங்க, ராகிய கடையிலதான் வாங்கறாங்க.

நல்ல ராகி மாவு எங்க கெடைக்கும்?

பாக்கெட்ல கெடைக்காது. பாக்கெட் மாவு களிக்கு ஆகாது, நைஸா அரைச்சு வெச்சிருப்பாங்க, கிண்டினா கோந்து மாதிரி ஒட்டும். ராகியா வாங்கி, புடைச்சு, கல்லு பாத்து, கழுவிக் காய வெச்சு மில்லுக்குக் கொண்டு போங்க. மில்லுல உங்களுக்கு முன்னாடி யாரு என்ன அரைச்சாங்கன்னு பாருங்க. எனக்கு முன்னாடி ஒருத்தங்க மிளகா அரைச்சிருந்தாங்க, அன்னைக்குக் களி உள்ள போனதும் எங்க பையன் சொம்புத் தண்ணியும் குடிச்சுட்டு அழுதான். கோதுமைக்கோ அரிசிக்கோ அப்புறம் நில்லுங்க. மாசாந்திர பவர் கட் என்னைக்குன்னு கேட்டுட்டுப் போங்க.

மாம்பழ ஊருக்கு வந்தும் நல்ல மாம்பழம் கெடைக்கலையே?

இங்க அதிகமா இருக்கறது பெங்களூரான்னு சொல்ற தோத்தாபுரி, அது கூழ் ஃபேக்டரிக்குப் போற பழம். சாப்பிடற பழம் வேணும்னா செந்தூரா, பீத்தர்னு கேட்டு வாங்குங்க. மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மஞ்சளா இருந்து, காம்புகிட்ட மூக்க வெச்சா வாசனையே இல்லன்னா விட்டுடுங்க. கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெக்கறது தடை, எத்திலீன் வாயு அளவோட வெச்சா அனுமதி இருக்கு, எதுல பழுத்துச்சுன்னு கடையில நின்னு கண்டுபிடிக்கவா முடியும். காயா வாங்கி அரிசி டிரம்முல போட்டு மறந்துடுங்க, வீடே சொல்லும்.

சந்தைக்குப் போனா மலிவா?

போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தை பெருசு, பஸ் கூட்டம் தாங்கினா போங்க. (குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமையும் கூடும், ஆனா அங்க ஆட்டுக்காரங்கதான் ஜாஸ்தி.) காலையில போனா காய் நல்லாருக்கும், பொழுது சாயற நேரம்னா விலை நல்லாருக்கும், ரெண்டும் ஒண்ணா அமையாது. கூறு கட்டி வெச்சிருக்கறத வாங்கும்போது மேல இருக்கற நாலு கத்திரிக்காயப் பாத்து ஏமாறாதீங்க, கூறு போடறவங்க அடுக்கறதுல கலைஞருங்க. கல்லக்கா (நிலக்கடலை), அவரைக்கொட்டை, கீரையெல்லாம் சந்தைதான், கடையில வாங்காதீங்க. அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும் பூசணிக்காய் பக்கம் போகாதீங்க.

நாப்கின் கேட்டா கடையில எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, நியூஸ் பேப்பர் சுத்தி கருப்பு கவர்ல போட்டு கடத்தல் சரக்கு மாதிரி குடுக்கறாங்க.

கவர் வேண்டாம்னு சொல்லி பையில போட்டுக்கோங்க. முதல் தடவதான் நடுங்கும். 2019ல இருந்து அந்த கவரே தடைதான்னு வேணா சொல்லிக்கோங்க.

ஏமாத்திட்டாங்கன்னா எங்க கம்ப்ளெயின்ட் பண்றது?

1915, நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். எடை, எம்ஆர்பின்னா மாவட்டத்துல தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கு. பில்லு வேணும், பாக்கெட் போட்டோ வேணும், அதனால வாயால சொல்ற கணக்க நம்பாம துண்டுச் சீட்டாவது வாங்குங்க. நான் இதுவரைக்கும் போன் பண்ணதில்ல. கடைக்காரர் எங்க வீட்டுக்காரரோட ஒண்ணா படிச்சவரு, அவரு தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க மொய் வெச்சிருக்கோம். அந்த மாதிரி ஊர்ல ஹெல்ப்லைன் கடைசிக்குத்தான், அதுக்கு முன்னாடி நாலு பேரு இருக்கும்போது சாதாரணக் குரல்ல ஒரு கேள்வி கேட்டாலே முக்கால்வாசி முடிஞ்சுடுது.

பழைய கடைய விட்டுட்டு புது சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறினா என்ன ஆகும்?

எல்லாரும் கடைசியாக் கேக்கறது இதுதான், கேக்கும்போதே குரல் எறங்கிடும்.

மெயின் ரோட்ல புதுசா ஒண்ணு தொறந்தப்ப நானும் போனேன். பைய வாங்கி வெச்சுக்கிட்டு டோக்கன் குடுத்தாங்க, ஒரு பொண்ணு பின்னாடியே வந்துச்சு, ஏசி தொறந்த வாரம்தான் ஓடுச்சு. ரேக்குல ஒரு விலை, பில்லுல ஒரு விலை, கேட்டா "சிஸ்டத்துல மாத்தலக்கா". ஆனா தேதி பாத்து எடுக்கலாம், சோப்புல ரெண்டு ரூபா கம்மி, கேக்கற கூச்சமே கிடையாது, யாருகிட்டயும் பேச வேண்டாம். பிரச்சனை வெளிய வந்ததும்தான். கடை பேரு போட்ட பெரிய கவர். எங்க வீட்டுக்குப் போகணும்னா பழைய கடைய தாண்டித்தான் போகணும், அவரு கல்லாவுல தெருவப் பாத்த மாதிரிதான் உக்காந்திருப்பாரு. ரெண்டு மாசம் நான் மில்லுத் தெரு வழியா சுத்திப் போனேன், அரைக் கிலோமீட்டர் கூட, கையில எண்ணெய் டின்னோட. மஞ்சப்பைக்குள்ள கவர மறைச்சுக்கூட போயிருக்கேன்.

ஒரு நாள் அத்தையும் கூட வந்தாங்க. நான் மில்லுத் தெரு பக்கம் திரும்பறேன், அவங்க நேரா நடக்கறாங்க. கவர ஆட்டிக்கிட்டே போய் கடை வாசல்ல நின்னுட்டாங்க. அவரும் பாத்துட்டு, "என்னங்கம்மா, இப்பல்லாம் பெரிய கடையா?"ன்னாரு. எனக்கு காது சூடாயிடுச்சு. அத்தை அசரல. "ஆமாப்பா, உங்கிட்ட சோப்பு ரெண்டு ரூபா சேத்தி, அதான் அங்க வாங்கினேன். ஆனா அங்க புளி கேவலமா இருக்கு, கொட்டையும் கோதுமா. ஒரு கிலோ போடு"ன்னாங்க.

அவரு சிரிச்சுட்டாரு. கவர தராசுல வெச்சாரு, ஜீரோ பண்ணாரு, புளிய அள்ளினாரு. அத்தை அதுல ஒரு துண்டு கிள்ளி வாயில போட்டு, கண்ண மூடிப் பாத்துட்டு, "இது போன வருஷத்துதாச்சே"ன்னாங்க. ஒண்ணும் சொல்லாம உள்ள போய் வேற மூட்டையப் பிரிச்சாரு.